நோட்டேக்கரில் ஸ்பானிஷும் ஜெர்மனும்: விரலுக்குச் சரியாக இருப்பது அச்சில் ஏன் மாறுகிறது?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். ஆங்கிலச் சுருக்கப் பிரெயிலில், அதாவது ஒரே புள்ளி வடிவம் ஒரு முழுச் சொல்லையோ எழுத்துக் கூட்டையோ குறிக்கும் கிரேடு 2-இல், எழுதிப் பழகியவர் நீங்கள். கையில் ஒரு பிரெயில் நோட்டேக்கர், அதாவது பிரெயில் விசைகளும் விரலால் படிக்கும் பிரெயில் வரியும் உள்ள குறிப்பெடுக்கும் கருவி, இருக்கிறது. இப்போது ஸ்பானிஷும் ஜெர்மனும் படிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். எழுதிய குறிப்புகளை விரலால் தடவிப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஆசிரியருக்கு அனுப்பினால், "நடு நடுவே ஆங்கிலச் சொற்கள் வருகின்றனவே" என்கிறார். கருவி பழுதா, ஆக்சென்ட் குறி போட்ட எழுத்துகளைத் தட்டுவதற்குத் தனி வழி ஏதும் உண்டா என்பது உங்கள் கேள்வி.

கருவி பழுதில்லை. நீங்கள் தட்டியதும் அநேகமாகச் சரிதான். எந்த மொழியில் தட்டுகிறீர்கள் என்று கருவிக்குச் சொல்லப்படவில்லை, அதுதான் சிக்கல். பல வருடங்களாகப் பிரெயில் விசைகளில் நான்கைந்து மொழிகளை மாற்றி மாற்றி எழுதிவருகிறேன். இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்றை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள். பிரெயில் விசைப்பலகையில் எழுத்துகளே கிடையாது. ஆறு புள்ளிகள்தான் இருக்கின்றன. லூயி பிரெயில் 1829-இல் தன் முறையை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை கணக்கு மாறவில்லை: ஆறு புள்ளிகளை எப்படிச் சேர்த்தாலும், வெற்றிடத்தைக் கழித்துவிட்டால், 63 வடிவங்கள்தான் கிடைக்கும். உலகத்தின் எல்லா மொழிகளும் இந்த 63-ஐத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. 2, 3, 4, 6 ஆகிய நான்கு புள்ளிகளையும் ஒன்றாக அழுத்துங்கள். ஆங்கிலச் சுருக்கத்தில் அது 'தி' என்ற முழுச் சொல். ஸ்பானிஷில் அக்யூட் குறி போட்ட 'ஈ' எழுத்து. பிரெஞ்சில் அதே எழுத்துதான், ஆனால் குறி எதிர்ப்பக்கம் சாய்ந்த கிரேவ். ஜெர்மனில் 'எஸ்செட்' எனும் இரட்டை 'எஸ்'. அரபியில் 'தால்'. ஹிந்தியில் 'தனுஷ்' என்ற சொல்லின் முதல் எழுத்து. விரலுக்கு எல்லாம் ஒன்றே. படிப்பவர் எந்த மொழி என்று தெரிந்து படிப்பதால் குழப்பம் வருவதில்லை. கருவிக்கு அந்த அறிவை அட்டவணை ஒன்றுதான் கொடுக்கிறது. எந்தப் புள்ளி வடிவம் எந்த எழுத்து என்று சொல்லும் அந்தப் பட்டியலைத்தான் பிரெயில் டேபிள் என்கிறோம்.

ஜெர்மனில் 'ஃபூர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 'க்காக' என்ற பொருள், அடிக்கடி வரும். எஃப், உம்லவுட் எனும் இரட்டைப் புள்ளியைத் தலையில் போட்ட யு, ஆர் என்று மூன்றே எழுத்து. நடு எழுத்துக்கு இடக்கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும், வலக்கை நடுவிரலும் மோதிர விரலும் ஒருசேர இறங்க வேண்டும்: 1, 2, 5, 6. ஆங்கிலச் சுருக்கத்தில் இதே வடிவம் 'ஓ-யு' என்ற இரண்டெழுத்துக் கூட்டு. ஆகவே நீங்கள் சுத்தமாகத் தட்டிய ஜெர்மன் சொல், கோப்பில் 'நான்கு' என்று பொருள்படும் ஆங்கில 'ஃபோர்' ஆகப் போய் உட்காருகிறது. பிரெயில் வரியைத் தடவினால் எஃப், 1, 2, 5, 6, ஆர். நீங்கள் எதிர்பார்த்ததே இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஃபோர்' என்று எழுதினாலும் அதே மூன்று செல்தான், அதாவது அதே மூன்று புள்ளி வடிவங்கள்தான், வரும் என்பதால் விரலால் இந்தப் பிழையைப் பிடிக்கவே முடியாது.

ஸ்பானிஷில் நிலைமை இன்னும் மோசம். 'மற்றும்' என்பதற்கு அங்கே 'ஒய்' என்ற ஒரே எழுத்து. ஆங்கிலச் சுருக்கத்தில் தனியே நிற்கும் 'ஒய்' என்றால் 'யூ', அதாவது நீ. அடிக்கொரு தரம் வரும் 'ஆல்' என்ற ஈரெழுத்துச் சொல், ஆங்கிலத்தில் 'ஆல்ஸோ' என்பதன் சுருக்கம். ஜெர்மன் 'அப்' என்று தட்டினால் 'அபௌட்' என விரியும். இத்தாலியன் எழுதுகிறவர்களுக்கு 'மற்றும்' என்பது தனி 'ஈ'; அது 'எவ்ரி' ஆகிவிடும். இவை எல்லாம் ஆக்சென்ட் குறியே இல்லாத சொற்கள் என்பதைக் கவனியுங்கள். "எனக்கு ஆக்சென்ட் எழுத்துகளை மட்டும் எப்படித் தட்டுவது என்று சொன்னால் போதும்" என்று பலர் கேட்பார்கள். அதை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பாதிப் பிழை அப்படியே கிடக்கும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பானிஷ் வகுப்பின் முதல் பருவம் முழுக்க ஆங்கில கிரேடு 2 அமைப்பிலேயே குறிப்பெடுத்தேன். பழைய கருவிகளில் ஆவணத்தை இரண்டு வகையாகத் தொடங்கலாம். ஒன்று பிரெயில் ஆவணம், தட்டிய புள்ளிகளை அப்படியே வைத்திருக்கும். மற்றது உரை ஆவணம், தட்டத் தட்டவே எழுத்தாக மாற்றிவிடும். நான் எழுதியது முதல் வகை. தினமும் விரலால் படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டது, ஒரு பிழைகூடக் கண்ணில் படவில்லை. பருவ முடிவில் கட்டுரையை அனுப்பச் சொன்னார்கள். அனுப்பும்போது கருவி ஆங்கில அட்டவணையை வைத்துப் புள்ளிகளை எழுத்தாக்கியது. 'மரியா' என்ற பெயரில் ஆக்சென்ட் போட்ட 'ஐ' எழுத்து 3, 4 என்ற புள்ளிகள்; ஆங்கிலத்தில் அது 'எஸ்-டி' கூட்டு. ஆகவே கட்டுரையின் நாயகி 'மர்ஸ்டா' ஆனாள். 'ஹொசே' என்ற பெயரின் வாலில் 'தி' ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் அந்தத் தாளை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டியபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்றால் அந்தக் கட்டுரையில் எனக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

உங்களிடமும் அப்படிக் கெட்டுப்போன குறிப்புகள் இருந்தால் அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். புள்ளிகளாகவே சேமித்த ஆவணம் என்றால் ஒன்றும் கெடவில்லை. மொழி அட்டவணையை ஸ்பானிஷுக்கு மாற்றிவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்தால் முழுதும் சரியாக வந்துவிடும். எனக்கு அப்படித்தான் மீண்டது. பிஆர்எஃப் என்ற பிரெயில் கோப்பு வகைக்கும் இது பொருந்தும். அதுவும் எழுத்தைச் சேமிப்பதில்லை, புள்ளி வடிவத்தைத்தான் சேமிக்கிறது. உரை ஆவணமாகச் சேமித்திருந்தால் கதை வேறு. அதைத் திரும்பவும் ஆங்கிலச் சுருக்கப் பிரெயிலாக்கி, பிறகு ஸ்பானிஷ் அட்டவணையில் எழுத்தாக்கலாம் என்று தோன்றும். ஆனால் போகிற வழியில் கருவி தானாகவே புதிய சுருக்கங்களைப் போட்டுவிடும். 'எஸ்தார்' என்ற சொல்லில் நீங்கள் தனித்தனியாகத் தட்டிய 'எஸ்', 'டி' இரண்டும் சேர்ந்து 3, 4 ஆகும். ஸ்பானிஷ் அட்டவணை அதை ஆக்சென்ட் போட்ட 'ஐ' என்று படிக்கும். இந்த வகைக் கோப்பை உட்கார்ந்து கையால் திருத்துவதுதான் வழி.

இனி என்ன செய்வது? ஒரு முழுப் பத்தியோ பாடமோ வேற்று மொழியில் எழுதப்போகிறீர்கள் என்றால், அந்த மொழியின் சொந்தப் பிரெயிலைக் கற்றுக்கொள்ளுங்கள், அந்த மொழியின் அட்டவணையைக் கருவியில் ஏற்றுங்கள், சுருக்கத்தை அணைத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. "பழகிய ஆங்கிலப் பிரெயிலிலேயே எப்படியாவது சமாளிக்கலாமா" என்ற கேள்விக்குப் பின்னால் இருக்கும் தயக்கம் புரிகிறது. ஆனால் கற்க வேண்டியது மிகக் குறைவு. ஸ்பானிஷுக்கு ஆக்சென்ட் போட்ட ஐந்து உயிரெழுத்து, தலையில் வளைகோடு போட்ட 'என்' ஆன 'என்யே', இரட்டைப் புள்ளி போட்ட யு என ஏழே வடிவம். ஏ அக்யூட்டுக்கு 1, 2, 3, 5, 6. ஈ அக்யூட்டுக்கு 2, 3, 4, 6. ஐ அக்யூட்டுக்கு 3, 4. ஓ அக்யூட்டுக்கு 3, 4, 6. யு அக்யூட்டுக்கு 2, 3, 4, 5, 6. என்யேக்கு 1, 2, 4, 5, 6. இரட்டைப் புள்ளி யுவுக்கு 1, 2, 5, 6. கேள்விக்குறி தொடக்கத்திலும் முடிவிலும் 2, 6 தான். ஒரு மாலைப் பொழுதில் கைக்கு வந்துவிடும்.

ஜெர்மனுக்கு நான்கே நான்கு: ஏ உம்லவுட் 3, 4, 5, ஓ உம்லவுட் 2, 4, 6, யு உம்லவுட் 1, 2, 5, 6, எஸ்செட் 2, 3, 4, 6. ஆனால் ஜெர்மன் அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் தேவை. ஆங்கிலத்தில் கிரேடு 1 என்றால் சுருக்கமே இல்லை என்று பழகியிருக்கிறோம். ஜெர்மனில் 'ஃபோல்ஷ்ரிஃப்ட்' என்ற சாதாரணப் பிரெயிலிலேயே எட்டு எழுத்துக் கூட்டுகளுக்குச் சுருக்கம் உண்டு. 'எஸ்-சி-ஹெச்' மூன்றும் சேர்ந்து 1, 5, 6 என்ற ஒரே செல். இந்த வகை பல கருவிகளில் கிரேடு 1 என்ற பெயரிலேயே இருக்கும். சுருக்கமே இல்லாததுதான் வேண்டும் என்றால் கிரேடு 0 அல்லது 'பாஸிஸ்ஷ்ரிஃப்ட்' என்று இருப்பதைத் தேடுங்கள். தொடக்கக் காலத்தில் அதுவே நல்லது, எழுத்துக்கூட்டு விரலில் பதியும்.

பெரிய எழுத்துக் குறியும் மாறும். ஆங்கிலத்தில் புள்ளி 6. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் 4, 6. ஜெர்மன் பிரெயில் நூல்களில் இந்தக் குறியைப் பெரும்பாலும் போடுவதே இல்லை. அந்த மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில்தான் தொடங்க வேண்டும், எல்லாவற்றுக்கும் குறி போட்டால் பக்கம் நிரம்பிவிடும். பிரெயில் நூலில் படித்துக் கற்கிறவர் அதே பழக்கத்தில் எழுதினால், பார்வையுள்ள ஆசிரியர் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் பிழை வட்டம் போடுவார். எழுதும்போது குறியை விடாமல் போடுங்கள்.

பிரெஞ்சுக்குக் கொஞ்சம் அதிகம். 'கஃபே' என்ற சொல்லின் கடைசி எழுத்து பிரெஞ்சில் ஆறு புள்ளியும். ஸ்பானிஷில் 2, 3, 4, 6. ஒரே சொல், அச்சில் ஒரே எழுத்து, பிரெயிலில் மட்டும் மொழிக்கு மொழி வேறு. ஆகவே இரண்டு மொழிகளைச் சேர்த்துப் படிக்கிறவர்கள் எழுத்துகளைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் அந்தந்த மொழிச் சொற்களோடு சேர்த்தே பழகுவது நல்லது. எந்த மொழிக்கு எந்த வடிவம் என்று சந்தேகம் வந்தால், பெர்கின்ஸ் நிறுவனம் உள்ளிட்ட மூன்று அமைப்புகள் 2013-இல் புதுப்பித்து வெளியிட்ட உலக பிரெயில் எழுத்துத் தொகுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளின் வடிவங்கள் இருக்கின்றன. சந்தேகத்தை அங்கே தீர்த்துக்கொள்ளலாம்.

ஆங்கிலக் கட்டுரைக்கு நடுவே ஒரு பிரெஞ்சுப் பெயர், ஒரு ஜெர்மன் சொல் என்று வந்தால் மட்டும் அட்டவணையை மாற்ற வேண்டாம். ஒருங்கிணைந்த ஆங்கிலப் பிரெயிலில், அதாவது யூஈபி-யில், எழுத்துக்கு முன்னால் போடும் ஆக்சென்ட் குறிகள் இருக்கின்றன. அக்யூட்டுக்கு 4, 5 ஒரு செல், அடுத்து 3, 4 ஒரு செல், அதன்பின் எழுத்து. இரட்டைப் புள்ளிக்கு 4, 5. பிறகு 2, 5. பழைய அமெரிக்க முறையில் எந்த ஆக்சென்ட் ஆனாலும் வெறும் புள்ளி 4 போட்டுவிட்டுப் போவார்கள். எந்தக் குறி என்று படிப்பவரே ஊகிக்க வேண்டும். அமெரிக்கா 2016-இல் யூஈபி-க்கு மாறியது. புள்ளி 4 முறையை இன்னும் யாராவது உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் அதைப் பின்பற்றாதீர்கள். கருவியால் அதிலிருந்து சரியான எழுத்தை எடுக்கவே முடியாது.

அட்டவணை என்று இதுவரை ஒருமையில் சொல்லிவந்தேன். உண்மையில் மூன்று இடங்களில் மொழியை அமைக்க வேண்டும். தட்டுவதற்கான உள்ளீட்டு அட்டவணை ஒன்று, பிரெயில் வரியில் காட்டுவதற்கான வெளியீட்டு அட்டவணை ஒன்று, பேசும் குரல் ஒன்று. சில கருவிகளில் மொழித் தொகுப்பு என்று ஒன்றை உருவாக்கிவைத்தால் மூன்றும் சேர்ந்து மாறும். சிலவற்றில் தனித்தனியே மாற்ற வேண்டும். உள்ளீடு ஸ்பானிஷ், வெளியீடு ஆங்கிலம் என்று இருந்தால், தட்டியது கோப்பில் சரியாக இருக்கும், விரலுக்கு மட்டும் வேறு மாதிரி தெரியும். அதைக் கண்டு பயந்து சரியான எழுத்தைத் 'திருத்திக்' கெடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். குரலைப் பற்றி என் அனுபவம்: படிக்கும்போது அந்த மொழிக் குரல் இருக்கட்டும், பிழை பார்க்கும்போது எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலக் குரல்கூட 'ஈ அக்யூட்' என்று பெயர் சொல்லிவிடும்.

கணினியோடோ கைபேசியோடோ நோட்டேக்கரை இணைத்து எழுதும்போது இன்னொரு குழப்பம் வரும். இணைத்த நொடியிலிருந்து கருவிக்குள் நீங்கள் அமைத்த அட்டவணைக்கு வேலை இல்லை. மறுமுனையில் இருக்கும், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடரின் அட்டவணைதான் ஆட்சி செய்யும். என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் என்றால் அதன் பிரெயில் அமைப்புகளில் உள்ளீட்டு அட்டவணை, வெளியீட்டு அட்டவணை இரண்டும் தனித்தனியே இருக்கும். அந்த அட்டவணைகள் 'லிப்லூயி' என்ற திறந்தமூல நூலகத்திலிருந்து வருகின்றன. லூயி பிரெயிலின் பெயரைத் தாங்கி 2002-இல் தொடங்கிய பணி அது; அதன் தயவால், பழைய நோட்டேக்கரில் இல்லாத மொழிகளைக்கூட அதே ஆறு விசைகளில் இன்று எழுத முடிகிறது. உங்கள் கருவியில் ஒரு மொழி இல்லை என்று மனம் தளர்வதற்கு முன் இந்த வழியைப் பாருங்கள்.

தமிழும் அந்தப் பட்டியலில் உண்டு. 'அம்மா' என்று எழுத முதல் செல் 1, இரண்டாவது 4, மூன்றாவது 1, 3, 4, நான்காவது மறுபடி 1, 3, 4, கடைசி 3, 4, 5. இரண்டாவது செல்லான புள்ளி 4 தான் மெய்யெழுத்தின் புள்ளி. அச்சில் 'ம்' என்ற எழுத்தின் தலையில் உட்காரும் அது, பிரெயிலில் எழுத்துக்கு முன்னால் வருகிறது. கோப்பிலோ எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது. இந்த இடமாற்றத்தை அட்டவணைதான் ஓசைப்படாமல் செய்துகொடுக்கிறது. அதேபோல் அரபியும் ஹீப்ருவும் அச்சில் வலமிருந்து இடம் போனாலும் பிரெயிலில் இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறோம். கோப்பு ஒலி வரிசையில்தான் சேமிக்கிறது, ஆகவே திசையைப் பற்றி நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

அட்டவணையால் மட்டும் தீராத மொழி ஜப்பானியம். அதன் வழக்கமான பிரெயில் ஒலியெழுத்தான கானாவைத்தான் எழுதும். 'ஹாஷி' என்று தட்டினால் பாலமா, விளிம்பா, சாப்பிடும் குச்சியா என்று புள்ளிகளில் தெரியாது. அச்சில் மூன்றுக்கும் காஞ்சி எனப்படும் வெவ்வேறு பொருளெழுத்து. ஆகவே தட்டியபின் மாற்று விசையை அழுத்தி, ஒவ்வொரு காஞ்சியையும் "இன்ன சொல்லில் வரும் இன்ன எழுத்து" என்று குரல் விளக்குவதைக் கேட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வசதி உள்ள மென்பொருள் இல்லாமல் ஜப்பானியத்தில் ஒரு மின்னஞ்சல்கூட ஒழுங்காக அனுப்ப முடியாது.

உங்கள் கருவி சாதாரணக் கீபோர்டு வகை என்றாலோ, புளூடூத்தில் ஒன்றை இணைத்தாலோ, புள்ளிப் பிரச்சினை இல்லை. யுஎஸ் இன்டர்நேஷனல் விசையமைப்பில் ஒற்றை மேற்கோள் விசையை அழுத்தி, பிறகு 'ஈ' அழுத்தினால் அக்யூட் வந்துவிடும். இருந்தாலும் மொழி கற்கிறவருக்குப் பிரெயில் விசையையே பரிந்துரைப்பேன். தட்டும் விரலும் படிக்கும் விரலும் ஒரே வடிவத்தில் பழகும்போது எழுத்துக்கூட்டு மறக்காது.

கோப்பைச் சேமிக்கும்போது எந்தக் குறியாக்கம் என்று கருவி கேட்டால், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய வகைக் குறியாக்கத்தில் சேமித்தால் ரஷ்யன், கிரேக்கம் எல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு மீட்கவே முடியாது. ஈ அக்யூட் இருக்க வேண்டிய இடத்தில் குரல் "ஏ டில்டே, காப்பிரைட்" என்று சொன்னால் கோப்பு கெடவில்லை. யூடிஎஃப்-8 கோப்பைப் பழைய குறியாக்கமாக நினைத்துத் திறந்திருக்கிறீர்கள். சேமிக்காமல் மூடிவிட்டுச் சரியான குறியாக்கத்தில் மறுபடி திறந்தால் போதும்.

அடுத்த பாடத்துக்கு முன் இதைச் செய்துபாருங்கள். உரை ஆவணம் ஒன்றைத் தொடங்கி, ஸ்பானிஷ் அட்டவணையில் 'ஆல்', தனி 'ஒய்', 'மரியா' மூன்றையும் தட்டுங்கள். ஜெர்மனுக்கு மாற்றி 'அப்', 'ஃபூர்' இரண்டையும் தட்டுங்கள். விரலால் பார்க்க வேண்டாம், விரல் எப்படியும் சரி என்றுதான் சொல்லும். அந்த ஐந்து சொற்களை உங்கள் ஆசிரியருக்கு அனுப்பி, எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்தச் சொல் மாறி வருகிறதோ, அந்த மொழியின் உள்ளீட்டு அட்டவணையைத் திறந்து சுருக்கம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.